முத்திரை மரக்கால்

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போனால், வாசலில் போலீசார் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பதைக் காணலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்ப்பார்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு, குடிதண்ணீர் என்று மஞ்சள் பையில் மனுவோடு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். வயதான பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் பையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

இந்தச் சோதனை எதனால் வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, கந்துவட்டி நெருக்கடி தாங்காமல் ஒரு தம்பதி தங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீயில் கருகிப் போனார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் படத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

அதற்கு ஏழு வருடத்துக்கு முன்னால், 2010 டிசம்பர் 17 அன்று, துனிசியாவின் சிடி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் காய்கனி விற்றுக்கொண்டிருந்த முகமது பூஅசீசி என்ற 26 வயது இளைஞர், ஆளுநர் அலுவலகத்தின் முன்னால் தன்னையே எரித்துக்கொண்டார். நகராட்சிக்காரர்கள் அவருடைய சரக்கைப் பறித்திருந்தார்கள். முறையிடப் போன இடத்தில் அவரைப் பார்க்கவே யாரும் தயாராக இல்லை. ஜனவரி 4 அன்று அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஜனவரி 14 அன்று, 23 வருடம் அந்த நாட்டை ஆண்ட பென் அலி விமானம் ஏறி ஓடிவிட்டார். மொத்தம் 28 நாள்.

அங்கே ஒரு உயிர், இங்கே நான்கு உயிர். இரண்டும் அரசாங்கத்தின் வாசலில். அங்கே ஒரு ஆட்சி விழுந்தது, இங்கே வாசலில் பை சோதனை வந்தது. ஏன் இப்படி? புரட்சி என்பது எங்கே, எதனால் தொடங்குகிறது? பல வருடமாக இந்தக் கேள்வியோடு பிரான்ஸ், ரஷ்யா, ஈரான் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். ஆனால் எனக்கு உருப்படியாக ஒரு பிடி கிடைத்தது எங்கள் ஆச்சியிடமிருந்துதான். ஆகவே அவள் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தாத்தா சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். கார், பிசானம் என்று வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்ததும் பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை நெல் அளக்கும் மரக்காலோடு வருவார். அந்த வீட்டில் இரண்டு மரக்கால் உண்டு. குத்தகை நெல்லை வாங்குவதற்கு ஒன்று, கூலி நெல்லைக் கொடுப்பதற்கு ஒன்று. வாங்குகிற மரக்கால் கொஞ்சம் பெரிது, கொடுக்கிற மரக்கால் கொஞ்சம் சிறிது. இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று அளந்து முடிப்பதற்குள் ஒரு குடும்பம் பத்து நாள் சாப்பிடுகிற நெல் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்விடும். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் தலைமுறை தலைமுறையாக யாரும் வாயைத் திறக்கவில்லை.

1950-களின் தொடக்கத்தில், டீக்கடையில் தினசரியைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டும் ஒரு தையற்காரர் அந்தப் பக்கத்தில் இருந்தாராம். அரசாங்க முத்திரை குத்திய மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதை அவர்தான் சொன்னது. அந்த வருடக் கார் அறுப்பில் தாத்தாவும் இன்னும் பத்துப் பேரும் போய், முத்திரை மரக்காலில் அளக்கச் சொல்லிக் கேட்டார்கள். பண்ணையாருக்கு அன்று என்ன தோன்றியதோ, பெரிய தகராறு இல்லாமல் சம்மதித்துவிட்டார். புது மரக்கால் வந்தது.

அப்புறம் 1955-ல் குத்தகைதாரரை நினைத்தபடி நிலத்தைவிட்டு இறக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. மறு வருடம் நியாயக் குத்தகைச் சட்டம். நன்செயில் விளைச்சலின் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலக்காரர் கேட்கக்கூடாது என்றது. ஆனால் அந்த 1955 சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. குத்தகை பாக்கி வைத்தவனை இறக்கலாம். பாக்கி இல்லை என்று காட்ட ரசீது வேண்டும். ரசீது இல்லாதவன் என்றைக்கும் பாக்கிக்காரன்தான். அதனால் பதினொரு பேரும் ரசீது கேட்டார்கள். ஒரு பூவுக்கு ரசீது கிடைத்தது. அடுத்த பிசான அறுப்பில், பண்ணையார் மகன் தலையெடுத்த பிறகு, ரசீது கிடையாது, வேண்டுமானால் நிலத்தைவிட்டு இறங்கு என்று சொல்லிவிட்டான்.

பதினொரு பேரும் நெல்லை அளக்க விடவில்லை. களத்திலேயே போட்டு ஐந்து ராத்திரி காவல் காத்தார்கள். பங்குனி மாதத்துக் கோடை மழை ஒன்று அடித்திருந்தால் அத்தனையும் முளைத்துப் போயிருக்கும். பெண்கள் களத்துக்கே கஞ்சி கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் காலை கணக்குப்பிள்ளை ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்த நாளில் ஆச்சியிடம் பெரிய மேதாவி மாதிரி ஒன்று சொன்னேன். பசிதான் உங்களை எதிர்க்க வைத்திருக்கும் ஆச்சி, என்றேன். அவள் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“பசிக்கு எவன்யா எதுக்கான்? பசிச்சவனுக்கு எந்திரிக்கவே தெம்பு இருக்காதே. அந்தத் தாது வருசத்துப் பஞ்சத்துல ஊரே செத்துச்சின்னு எங்க ஆத்தா சொல்லுவா, ஒருத்தன் எதுத்தானா? மரக்காலை மாத்துனோம்லா, அன்னைக்குத்தான் எங்க பலம் எங்களுக்கே தெரிஞ்சுது. அதுக்குப் பொறவு குடுத்த ரசீதைப் புடுங்குனா விடுவோமா?”

தாது வருடம் என்பது 1876-77. சென்னை மாகாணம் பார்த்ததிலேயே கொடிய பஞ்சம் அது. லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆச்சி சொன்னது சரி. அந்தப் பஞ்சத்தில் பெரிய கிளர்ச்சி எதுவும் ஆட்சியை அசைக்கவில்லை.

இந்தப் பிடியோடு நம் ஊர்ச் சரித்திரத்தின் பெரிய நாளைப் பார்த்தபோது எனக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. 1908 மார்ச் 13. வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்ததால் திருநெல்வேலி கொதித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மைதான். ஆனால் அந்தக் கைதுக்கு முந்தின ஒன்றரை வருடத்தைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த நாள் விளங்காது.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. 25 ரூபாய் என்பது அன்றைக்குச் சின்னப் பணம் இல்லைதான். ஆனாலும் ஒரு கடைக்காரர், ஒரு வக்கீல், ஒரு மிராசுதார் எட்டிப் பிடிக்கக்கூடிய தொகை. மறு வருடம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் இனாமாகக் கொடுக்கிறேன் என்றது. ஒரு சாம்ராஜ்யத்தின் கம்பெனி நம் ஊர் வியாபாரியைப் பார்த்துக் குடை கொடுக்கும் அளவுக்கு இறங்கி வந்ததை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அப்புறம் தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில் என்ற நூற்பாலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை, வார விடுமுறை கிடையாது, சின்னப் பிள்ளைகளும் வேலைக்காரர்கள். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் தினமும் பேசினார்கள். ஊர் முழுக்க அந்தப் பக்கம் நின்றது. வெள்ளைக்கார முதலாளிகளுக்கு ஆதரவாகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரத் தொழிலாளி பாதியிலேயே கத்தியை மடித்துவிட்டுப் போய்விட்டார் என்று இன்றும் தூத்துக்குடியில் சொல்லுவார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை லீவை இன்று நாம் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அந்த வேலையாட்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். வாரத்தில் ஒரு நாள் வெயிலில் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது. அது கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 9 அன்று வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையை ஊர்வலமாகக் கொண்டாடினார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன. காலேஜ் பையன்கள் தெருவுக்கு வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, தங்களோடு நின்ற மனிதர்களுக்காக. திலகருக்காகப் பம்பாய் மில் தொழிலாளிகள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அந்த வருடம் ஜூலையில். நம்மாட்கள் நான்கு மாதம் முந்தி.

ஆக மரக்கால் மாறியது, ரசீது பறிபோனது. 1908-ல் நடந்ததும் அதே வரிசைதான். கப்பல் வந்தது, லீவு கிடைத்தது, தலைவர்கள் பறிபோனார்கள். முழு அடிமையாக இருந்த காலத்தில் பொறுத்துக்கொண்டவர்கள், ஒரு தடவை சேர்ந்து நின்று ஜெயித்த பிறகு பொறுக்கவில்லை.

பிரான்சைப் பாருங்கள். 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை கோதுமையை நாசம் செய்தது, ரொட்டி விலை ஏறியது, அதனால் 1789-ல் புரட்சி வந்தது என்று சுருக்கிச் சொல்வார்கள். ரொட்டி விலை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து அரசாங்கம் கடனில் மூழ்கியிருந்தது. வருமானத்தில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போனது. புது வரி போட ராஜாவுக்குச் சம்மதம் வேண்டியிருந்தது. அதற்காக 175 வருடமாகக் கூடாத மன்றத்தைக் கூட்டினார். கூட்டுவதற்கு முன்னால் ஊர் ஊராக உங்கள் குறைகளை எழுதித் தாருங்கள் என்றும் கேட்டார். குக்கிராமங்களில்கூட ஜனங்கள் கோயிலில் உட்கார்ந்து எழுதினார்கள். உப்பு வரி, பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்பது, பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்ற கட்டாயம். நம் திங்கட்கிழமை மனுக்களுக்கும் அவற்றுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஊர் சேர்ந்து எழுதியது. பக்கத்து ஊரும் அதையே எழுதியிருப்பதைப் பார்த்தது. தன் கஷ்டம் தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தவன், இது யாரோ போட்ட ஏற்பாடு என்று கண்டுகொண்டது அந்தக் காகிதத்தில்தான். மனுவை எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் மன்றத்தின் கதவைப் பூட்டியபோது, ராஜா தானே கொடுத்த ரசீதைத் தானே பறித்துக்கொண்டார்.

கொக்கிரகுளத்தில் கருகிய அந்தக் குடும்பத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கந்துவட்டிக் கடன் மாதிரி மனிதனைத் தனியாக்குகிற சங்கதி வேறு இல்லை. கடன் வாங்கியவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லமாட்டான். சொந்தத் தம்பியிடம் சொல்லமாட்டான். வட்டிக்காரன் வாசலில் நின்று சத்தம் போடும்போது அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். சாத்திய கதவுக்குப் பின்னால் இன்னும் நாலு வீட்டில் அதே வட்டிக்காரனின் நோட்டில் பெயர் இருக்கும். ஆனால் அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள், வெட்கம். அத்தனை பேரும் ஒரு களத்தில் உட்கார்ந்து ஐந்து ராத்திரி காவல் காக்க வழியே இல்லை.

துனிசியாவில் இருந்தது. 1946 முதல் நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பு இருந்தது. 2008-ல் கஃப்சா சுரங்கப் பகுதி மாதக்கணக்கில் போராடிப் பழகியிருந்தது. பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த லட்சம் பையன்களுக்கு, பூஅசீசி யாரோ ஒருவர் இல்லை, நாளைக்குத் தாங்கள். அவர்கள் கையில் போன் இருந்தது. அதனால் ஒரு தீ அந்த ஊரோடு நிற்கவில்லை.

சரி, ஜனங்கள் சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இதை நம் ஊர் ரத்தம் சிந்தித்தான் தெரிந்துகொண்டது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் இதே கொக்கிரகுளத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். கூலி உயர்வும், சிறையில் கிடந்த தொழிலாளிகளின் விடுதலையும்தான் கோரிக்கை. போலீஸ் தடியடியில் ஜனங்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அந்தப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் இன்றைக்கும் நான் ஆற்றைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

1917-ல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் மார்ச் 8 அன்று நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு ஆறு வாரத்துக்கு முன்புதான் லெனின் சூரிச்சில் பேசியபோது, வரப்போகும் புரட்சியின் முடிவான போர்களை எங்கள் தலைமுறைக் கிழவர்கள் பார்க்காமலே போகலாம் என்றார். புரட்சிக்காகவே வாழ்ந்தவருக்கும் அது வருகிற சத்தம் கேட்கவில்லை. நான்காம் நாள் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள், பலர் செத்தார்கள். ஐந்தாம் நாள் காலை, சுட்ட படையைச் சேர்ந்த சிப்பாய்களே இனிச் சுடமாட்டோம் என்று தங்கள் அதிகாரியை எதிர்த்துவிட்டார்கள். அந்த ஒரு காலையில்தான் கலகம் புரட்சியானது. இன்னும் நாலு நாளில் ஜார் இல்லை. துனிசியாவிலும் ராணுவம் ஆட்சியைக் காப்பாற்ற இறங்கவில்லை. 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தபோதும் காவல் நின்ற துப்பாக்கிகள் கூட்டத்தைக் கொன்று தீர்க்கவில்லை.

கொழும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தூத்துக்குடிக்கு அது எதிர்க்கரை. பிரான்சு ராஜாவைப் போலவே அந்த அரசாங்கமும் கடனில்தான் கவிழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இலவசப் பள்ளிக்கூடம், இலவச ஆஸ்பத்திரி என்று தலைமுறையாகப் பழகிய மக்கள், கேஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் ராப்பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைகளில்தான் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கடன் ஆளைத் தனியாக்குகிறது. ஒரு நாட்டின் கடன் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இனி, புரட்சி வந்தபின் சமுதாயம் என்ன ஆகிறது? இதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு. பிரான்சில் 1793-94-ல் நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் மட்டும் ஏறக்குறைய 17,000 தலைகள் விழுந்தன. ரஷ்யாவில் ஜாரை இறக்கிய கையே பிறகு விவசாயியின் தானியத்தைப் பறித்து, 1932-33-ல் உக்ரைனில் பல லட்சம் பேரைப் பட்டினியில் கொன்றது. துனிசியா 2014-ல் நல்ல அரசியல் சட்டம் எழுதியது, 2021-ல் அதிபர் பாராளுமன்றத்தை முடக்கினார். ஒரே கூட்டத்தில் வெவ்வேறு கனவோடு ஆட்கள் நிற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் தியாகத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தை மீட்பதைப் பேசியது. கோரல் மில் தொழிலாளி கேட்ட உலகமும் அந்தக் கடிதம் கேட்ட உலகமும் ஒன்று இல்லை. ஈரானில் 1979-ல் ஷாவை எதிர்த்து மாணவர்களும் எண்ணெய்த் தொழிலாளிகளும் பெண்களும் மதகுருமார்களும் ஒன்றாக நடந்தார்கள். ஷா போன பிறகு யார் உலகம் நிலைத்தது என்பது நமக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் என்ன மிஞ்சுகிறது என்று தேடினால், மிஞ்சுகிறது. பிரான்சில் 1814-ல் ராஜா திரும்பி வந்தார். பிரபுக்களும் திரும்பி வந்தார்கள். ஆனால் 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி ஒழிப்பதாக அறிவிக்கப்பட்ட பிரபு உரிமைகள் திரும்பி வரவில்லை. புறாக்கள் திரும்பி வரவில்லை. விவசாயி அதற்குள் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி ரஷ்யாவில் இருக்கிறது. ரஷ்ய மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. ஜார் காலத்தில் அதிகாரி சிப்பாயை ‘நீ’ என்பார், சிப்பாய் அதிகாரியை ‘மேன்மைதங்கிய’ என்று கூப்பிட வேண்டும். புரட்சி தொடங்கி ஒரு வாரத்தில், தொழிலாளிகளும் சிப்பாய்களும் சேர்ந்த மன்றமான பெட்ரோகிராடு சோவியத் தன் முதல் உத்தரவைப் போட்டது. போரும் பஞ்சமும் உச்சத்தில் இருந்த அந்த நேரத்திலும், சிப்பாயை அதிகாரி ‘நீ’ என்று கூப்பிடக்கூடாது என்று அதில் எழுதினார்கள். பாரிசில் இதற்கு நேர் எதிராக நடந்தது. 1793-ல் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றே கூப்பிடும் பழக்கத்தைப் பரப்பினார்கள். ஒரு ஊர் அத்தனை பேரையும் நீங்கள் ஆக்கியது, ஒரு ஊர் அத்தனை பேரையும் நீ ஆக்கியது. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வினைமுற்றில் ஒருவரைத் தரையில் உட்கார வைக்கவும் நாற்காலியில் உட்கார வைக்கவும் நம் மொழிக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ‘ஏல’ என்பது பிரியமான சொல். கூட்டாளி கூட்டாளியை ஏல என்பான், அதில் உயிரே இருக்கும். ஆனால் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் எங்கள் தாத்தாவை ‘ஏல, இங்க வா’ என்று கூப்பிடுவானாம். தாத்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்பாராம். அந்த ‘ஏல’வை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

1908 தோற்றது. வ.உ.சி.க்கு 40 வருட தீவாந்தர தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். ஊரில் தண்டப் போலீசை வைத்து அதன் செலவை ஜனங்களிடமே வரியாகப் பிடுங்கினார்கள். 1911-ல் கம்பெனியை மூடினார்கள், காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலை போனது. 1912 டிசம்பரில் அவர் சிறையை விட்டு வெளியே வந்தபோது கூட்டம் இல்லை. தொழுநோய் பிடித்த உடம்போடு சுப்பிரமணிய சிவா நின்றிருந்தார். இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. அந்த வாசலில் திருநெல்வேலி ஜில்லாவே போய் நின்றிருக்க வேண்டும்.

ஆனால் 1908-க்கும் 1950-களின் எங்கள் ஊர்க் களத்துக்கும் நடுவே ஒரு கயிறு இருந்தது. டீக்கடையில் தினசரி வாசித்த அந்தத் தையற்காரரின் அப்பா, சின்னப் பையனாகக் கோரல் மில்லில் வேலை பார்த்தவராம். ஞாயிற்றுக்கிழமை லீவு எப்படி வந்தது என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்தான் எங்கள் தாத்தாவிடம் மரக்கால் சட்டத்தைச் சொன்னது. இதை ஆச்சி போகிற போக்கில் சொன்னாள், அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ரசீது வந்த பிறகு பண்ணையார் வீட்டில் தாத்தாவை ‘வாங்க’ என்றார்களா ஆச்சி, என்று கேட்டேன்.

“வாங்கவா? அதெல்லாம் இல்ல. ஆனா ஏலன்னும் சொல்லல. ‘நெல்லு காஞ்சாச்சா?’, ‘தண்ணி பாய்ஞ்சுதா?’ம்பாவ. ஆளை விட்டுட்டு நெல்லையும் தண்ணியையும் கேப்பாவ. இருவது வருசத்துக்கு மேல அப்படித்தான் பேச்சு. உங்க தாத்தாவும் அப்படியே பதில் சொல்லுவா. காஞ்சாச்சு, பாய்ஞ்சாச்சு. அம்புட்டுதான்.”

யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு தெரு இருபது வருடத்துக்கு மேல் ஆளைத் தொடாத வாக்கியங்களிலேயே பேசிக்கொண்டிருந்தது. தாத்தா 1979-ல் இறந்தார். துஷ்டிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது, அன்று ரசீது கிடையாது என்று சொன்ன அந்தப் பண்ணையார் மகன், தலை நரைத்து, செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்து முற்றத்து ஓரத்தில் நின்றாராம். யாரும் நாற்காலி போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றவர் எங்கள் பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டாராம்.

“அவரு கடைசியா ஏதும் சொன்னாரா?”